மலையக வைத்தியசாலைகளில் ஓபியோயிட் மருந்துகள்: எழுதுவோருக்கும் கொடுப்போருக்குமான கேள்வி பதில்

மோர்பின், கொடீன், ட்ரமடோல், பெத்திடின், ஃபென்டனில், மெதடோன் எல்லாம் ஒரே குடும்பம். அபினிலிருந்து வந்தவை, அல்லது அபின் மூளையில் எங்கே போய் ஒட்டுகிறதோ அங்கேயே ஒட்டுபவை. குடு, தூள் என்று வெளியில் சொல்லப்படும் ஹெரோயினும் இந்தக் குடும்பம்தான். இந்த மருந்துகளில் நடக்கும் தவறு இரண்டு வகை. புற்றுநோய் முற்றிய ஆளுக்குப் 'பழகிவிடும்' என்று சொல்லி மோர்பினை மறுப்பது ஒன்று. இடுப்பு வலி என்று வந்தவருக்கு ட்ரமடோலை மாதக் கணக்கில் எழுதுவது மற்றது. நோயாளியிடம் கேட்காமல் விடுவதும் அளவைக் கணக்குப் பார்க்காமல் விடுவதுமே இரண்டுக்கும் வேர். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் வேலை செய்பவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

பயிற்சி வைத்தியர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. மருந்துத் துண்டை வைத்தியர் எழுதுகிறார். மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர் மருந்துக்கலவையாளர். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் மூச்சை எண்ண வேண்டியவர் தாதி. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளருக்கு மோர்பின் எழுதும் வேலை இல்லை. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் முதலில் ஓடிப்போய்க் கூப்பிடுவது அவரைத்தான். இவர்களை ஒரே அறையில் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பதே நல்லது. தனித்தனியாகக் கொடுத்தால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் போகிறது.

மோர்பின் கொடுத்தால் நோயாளி அடிமையாகி விடுவாரே?

இந்தப் பயம்தான் அதிக வேதனையைக் கொடுக்கிறது. இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் மாதம் போதுமாக இருந்த அளவு மூன்றாம் மாதம் போதாமல் போவது தாங்குதிறன். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், நடுக்கம் வருவது விலகல் அறிகுறி; அது உடல் பழகியதன் அடையாளம். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தவர் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டும் வரும். இவை நோய் அல்ல. அடிமைநிலை வேறு. வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடுவது, குறைக்க நினைத்தும் முடியாமல் போவது, வேலையும் குடும்பமும் குலைவது தெரிந்தும் நிறுத்த முடியாதது.

டி.எஸ்.எம்-5 என்னும் மனநோய்ப் பகுப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. 12 மாதங்களுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓபியோயிட் பயன்பாட்டுக் கோளாறு. 2 அல்லது 3 இருந்தால் இலேசானது, 4 அல்லது 5 இருந்தால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது. பயிற்சியில் பலர் தவற விடும் வரி ஒன்று அதில் இருக்கிறது: வைத்தியர் சொன்னபடி மருந்து எடுப்பவருக்குத் தாங்குதிறனையும் விலகல் அறிகுறியையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மோர்பின் எடுக்கும் ஒவ்வொரு புற்றுநோயாளியும் அடிமை என்றாகிவிடும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பு வலிக்கு ட்ரமடோல் எழுதலாமா?

பெரும்பாலும் வேண்டாம். 2018இல் அமெரிக்காவில் 240 பேரை வைத்து வெளிவந்த ஸ்பேஸ் ஆய்வு, நாட்பட்ட முதுகு வலிக்கும் மூட்டுத் தேய்வுக்கும் 12 மாதங்கள் ஓபியோயிட் எடுத்தவர்கள், சாதாரண மருந்து எடுத்தவர்களை விட நன்றாக நடமாடவில்லை என்று காட்டியது. வலி சாதாரண மருந்துக் குழுவில்தான் சற்றுக் குறைவு. 2023இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓபல் ஆய்வு, புதிதாக முதுகு அல்லது கழுத்து வலி வந்த 347 பேரைப் பார்த்தது. ஆறாவது வாரத்தில் ஓபியோயிட்டுக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமில்லை. ஓராண்டு கழிந்தபோது தவறாகப் பயன்படுத்தும் அபாயம் ஓபியோயிட் எடுத்தவர்களிடம் கூடியிருந்தது.

ஆனால் மலையகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு. குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அன்று அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். அதனால் அந்தப் பெண் 'வலி போக வேண்டும்' என்று கேட்கவில்லை, 'நாளைக்கு மலைக்கு ஏற வேண்டும்' என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு மாத்திரை மட்டும் பதிலாகாது. முதலில் ஆபத்து அடையாளங்களைத் தேடுங்கள்: சிறுநீர் கழிக்க முடியாமை, உட்காரும் இடம் மரத்துப்போதல், கால் பலவீனம், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், புற்றுநோய் வரலாறு. இவை இல்லையென்றால் பரசிட்டமோலை ஒழுங்காகக் கொடுங்கள். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கிட வேண்டும். 38 கிலோ பெண்ணுக்கு 1 கிராம் வீதம் நான்கு தடவை என்று எழுதுவது வழக்கமான பிழை. அவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 500 மி.கி. போதும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவருக்கு இபுப்ரோஃபென் 5 முதல் 7 நாள். வலி எரிச்சலாகவோ கரண்ட் அடித்த மாதிரியோ காலுக்கு இறங்கினால் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில். கூடையின் கயிறு தலையில் தங்கும் இடம், சரிவில் நிற்கும் விதம், இலேசான வேலைக்கு ஒரு வைத்தியச் சான்று ஆகியவற்றையும் பேசுங்கள். அந்தச் சான்றிதழ் பல தடவை மாத்திரையை விட அதிகம் உதவும்.

எலும்பு முறிவு, பெரிய காயம், சத்திரசிகிச்சை போன்ற கடுமையான திடீர் வலிக்கு ஓபியோயிட் தேவைதான். அங்கேயும் பெரும்பாலும் 3 நாள் போதும். 7 நாளுக்கு மேல் தேவைப்படுவது அரிது. துண்டில் 'தேவைப்பட்டால்' என்று மட்டும் எழுதி எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள்.

எழுதுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? எப்படிக் கேட்பது?

மது, தூக்க மாத்திரை, ப்ரீகபாலின் (நரம்பு வலி மாத்திரை), முன்பு போதைப் பழக்கம், மூச்சு நோய், சிறுநீரகம், கர்ப்பம். இந்த ஏழையும் ஒரு நிமிடத்தில் கேட்கலாம். ஓபியோயிட்டோடு டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சு நிற்கும் ஆபத்து உண்டென்று 2016இலும், ப்ரீகபாலின், கபபென்டினோடும் அப்படியே என்று 2019இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. ப்ரீகபாலின் மாத்திரைகள் இலங்கையில் போதைக்காக விலைபோவது தெரிந்த விஷயம். எனவே 'வேறு மருந்து எடுக்கிறீர்களா' என்று கேட்டால் போதாது. 'கடையில வாங்குற மாத்திரை, தெரிஞ்சவங்க குடுத்த மாத்திரை ஏதாவது போடுறீங்களா?' என்று கேட்க வேண்டும்.

மதுவைப் பற்றிக் கேட்கும்போது குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். 'அண்ணே, குடிக்கிறீங்களா?' என்றால் 'இல்லைங்க ஐயா' என்றே பதில் வரும். 'சம்பளம் போட்ட கிழமையில எத்தனை நாள் குடிப்பீங்க? சாராயமா, கசிப்பா? போத்தல் கணக்குல சொல்லுங்க' என்று கேட்டால் உண்மை வரும். கேட்பதற்குக் காரணத்தையும் சொல்லுங்கள்: 'இந்த மாத்திரையோட குடிச்சா தூக்கத்திலேயே மூச்சு நின்னுடும், அதுக்காகத்தான் கேக்குறேன்.'

வலியைச் சொல்லும் சொற்களைக் கவனியுங்கள். உளைச்சல், கடுப்பு, குடைச்சல் என்றால் பெரும்பாலும் தசையும் மூட்டும். எரிச்சல், சுள்ளென்று குத்துதல், மதமதப்பு, மரத்துப்போதல் என்றால் நரம்பை நினையுங்கள். இந்தச் சொற்களை 'வலி' என்ற ஒரே சொல்லாக மொழிபெயர்த்து எழுதினால் மருந்துத் தெரிவே பிழைத்துவிடும். தமிழ் தெரியாத வைத்தியர் இருக்கும் இடத்தில் நோயாளியின் சொல்லை அப்படியே கார்டில் எழுதிப் பக்கத்தில் விளக்கம் போடுவது தாதியின் பெரிய உதவி. நோயாளியின் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்த வேண்டாம். மதுவையும் போதையையும் பற்றி அப்பா பிள்ளை வழியாக உண்மை சொல்ல மாட்டார்.

புற்றுநோய் வலிக்கு மோர்பினை எப்படித் தொடங்குவது?

வாயால் கொடுக்கும், உடனே வேலை செய்யும் மோர்பினில் தொடங்குங்கள். இதுவரை ஓபியோயிட் எடுக்காதவருக்கு 4 மணிநேரத்துக்கு ஒரு தடவை 5 மி.கி.; முதியவருக்கும் மெலிந்தவருக்கும் 2.5 மி.கி. நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பது அணையாத நெருப்பின் பின்னால் ஓடுவது போல. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதி, இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு கொடுத்தால் அதிகாலை 2 மணிக்கு எழுப்பத் தேவையில்லை. இடையில் வலி கிளம்பினால், ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கை மேலதிகமாகக் கொடுக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 5 மி.கி. ஆறு தடவை, மொத்தம் 30 மி.கி. நேற்று மூன்று தடவை மேலதிகமாக 5 மி.கி. எடுத்திருக்கிறார், அது 15. ஆக 45 மி.கி. அதை ஆறால் வகுத்தால் 7.5. இன்று முதல் ஒவ்வொரு தடவையும் 7.5 மி.கி., மேலதிக அளவும் 7.5. இந்தக் கணக்கைப் பயிற்சியில் ஒவ்வொருவரும் தாளில் போட்டுக் காட்ட வேண்டும். கேட்டுத் தலையாட்டினால் போதாது. வலி அடங்கி அளவு நிலைத்த பிறகே, அதே மொத்தத்தை இரண்டாகப் பிரித்து 12 மணிநேர மாத்திரைக்கு மாற்றலாம். அந்த மாத்திரையை உடைக்கவும் கூடாது, அரைத்துக் குழாயில் விடவும் கூடாது. 12 மணிநேர மருந்து ஒரே அடியாக உடலில் இறங்கிவிடும்.

மிகப் பெரிய பிழை ஊசிக்கு மாற்றும்போது நடக்கிறது. வாயால் 30 மி.கி. என்பது ஊசியில் ஏறக்குறைய 10 மி.கி. எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் மூன்று மடங்கு.

மலச்சிக்கலுக்கு எப்போது மருந்து தொடங்க வேண்டும்?

மோர்பின் தொடங்கும் அதே நாளில், அதே துண்டில். குடலைத் தூண்டும் பிசகோடில் அல்லது சென்னா, தேவைப்பட்டால் லக்டுலோஸும். வாந்தி முதல் வாரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதுவரை மெட்டோக்ளோப்ரமைட் போதும். மலச்சிக்கல் மட்டும் நிற்காது. நோயாளிகள் மோர்பினைத் தாங்களாகவே நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் அதை உங்களிடம் சொல்ல வெட்கப்படுவார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவருக்கு?

மோர்பின் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் தேங்கும்: முதலில் தூக்கம், பிறகு தசை வெட்டி வெட்டி இழுத்தல், இல்லாததைக் காணுதல், கடைசியில் மூச்சு மந்தம். பதுளை மாவட்டத்தில் கிராந்துருகோட்டே போன்ற இடங்கள் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் பெயர் போனவை. ஊவா மாகாணத்தில் வேலை செய்பவர்கள் கிரியற்றினின் என்னும் சிறுநீரக இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் மோர்பின் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் வடிகட்டும் வீதம் (eGFR) 30க்குக் கீழே இருந்தால் மோர்பினைத் தவிர்த்து, ஃபென்டனில் பற்றி நிபுணரோடு பேசுங்கள். ட்ரமடோலும் அப்படித்தான்: சாதாரணமாக நாளுக்கு 400 மி.கி. உச்சம், 75 வயதுக்கு மேல் 300, சிறுநீரகம் கெட்டவருக்கு 12 மணிநேரத்துக்கு ஒரு தடவை மட்டும், நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் இல்லை. வலிப்பு நோய் உள்ளவருக்கும், மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கும் ட்ரமடோல் வேண்டாம்.

கொடீன் பலவீனமான மருந்துதானே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கும் கூடாது. கொடீன் உடலுக்குள் போய் மோர்பினாக மாறித்தான் வேலை செய்கிறது. சிலரின் ஈரல் அதை மிக வேகமாக மாற்றிவிடும். எவருடையது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஃபென்டனில் ஒட்டு குளிர் பிரதேசத்தில் எப்படி?

மணிக்கு 25 மைக்ரோகிராம் கொடுக்கும் ஒட்டு, வாயால் நாளுக்கு 60 மி.கி. மோர்பினுக்குச் சமம். எனவே ஏற்கனவே அந்த அளவு எடுத்துப் பழகாதவருக்கு ஒட்டவே கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியின் ஓரத்துத் தோட்டங்களிலும் மார்கழி, தை மாதங்களில் நோயாளியை அடுப்பங்கரையில் உட்கார வைப்பார்கள், நெஞ்சில் சுடுதண்ணீர்ப் பை வைப்பார்கள், கம்பளி மேல் கம்பளி போர்த்துவார்கள். 'ஒட்டு இருக்கிற பக்கம் நெருப்புச் சூடு படக் கூடாது' என்று வீட்டில் சமைப்பவரிடம் நேரே சொல்ல வேண்டும். காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும்.

முதல் ஒட்டு வேலை செய்ய 12 முதல் 24 மணிநேரம் எடுக்கும்; அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். கழற்றிய பிறகும் மருந்து உடனே போகாது, பாதியாகக் குறையவே 17 மணிநேரம் போல ஆகும். 72 மணிநேரத்துக்கு ஒரு தடவை மாற்றும்போது பழையதைக் கழற்ற மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஒட்டின் மேல் திகதியை எழுதுங்கள். கழற்றியதைப் பசைப் பக்கம் உள்ளே வருமாறு மடித்து அப்புறப்படுத்த வேண்டும்; அதில் மிஞ்சியிருப்பது ஒரு குழந்தையைக் கொல்லப் போதும்.

ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவே?

ஆம். ட்ரமடோலை மோர்பினாகக் கணக்கிட, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் 2016 வழிகாட்டி 0.1ஆல் பெருக்கச் சொன்னது. 2022 வழிகாட்டி 0.2 என்றது. நாளுக்கு 150 மி.கி. ட்ரமடோல் ஒன்றில் 15, மற்றதில் 30. ஒருவர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று பார்க்கும்போது பெரிய எண்ணை எடுங்கள். புதிய மருந்தைத் தொடங்கும் அளவைத் தீர்மானிக்கும்போது சிறிய எண்ணை எடுங்கள். அதன் பிறகும் 25 முதல் 50 சதவீதம் குறைத்தே தொடங்குங்கள், ஏனென்றால் ஒன்றுக்குப் பழகிய உடல் இன்னொன்றுக்கு முழுதாகப் பழகியிருக்காது. புற்றுநோய் அல்லாத வலிக்கு மோர்பின் கணக்கில் நாளுக்கு 50 மி.கி. தாண்டும்போது நின்று யோசிக்க வேண்டும்.

மருந்து உறையில் என்ன எழுத வேண்டும்?

தமிழில், பெரிய எழுத்தில், நேரத்தோடு. 'ஒரு நாளைக்கு ஆறு' என்று எழுதினால் ஆறையும் காலையில் விழுங்கியவர் உண்டா என்று யோசிக்க வேண்டிய நிலை வரும். வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், உச்சி வெயில், நிலா என்று படம் வரைந்து, மாத்திரை எண்ணிக்கையைப் புள்ளியாகப் போடுங்கள். பிறகு 'நீங்க வீட்டில எப்படிக் குடுப்பீங்கன்னு எனக்குச் சொல்லுங்கம்மா' என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

லயத்து அறையில் பூட்டு அலமாரி இருக்காது. மூடி இறுகும் தகர டப்பா, பிள்ளைக்கு எட்டாத உயரம், எண்ணிக்கை தெரிந்த ஒரே ஒரு பொறுப்பாளர்: இந்த மூன்றும் போதும்.

வைத்தியசாலைக்குள் பாதுகாப்பு?

அபாயகர மருந்துகள் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. தாதிகள் டிடிஏ அலமாரி என்று சொல்வது இவற்றுக்கான பூட்டிய இடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். 10 மி.கி. குப்பியில் 4 மி.கி. போட்டால், மீதி 6 மி.கி. கொட்டப்படுவதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மருந்து காணாமல் போவது பெரும்பாலும் இந்த மீதியில்தான் தொடங்கும். பிடிபடுபவர் சக ஊழியராக இருந்தால், அவருக்கும் சிகிச்சை தேவைப்படலாம் என்பதை மறக்க வேண்டாம்.

'மாத்திரை தொலைந்துவிட்டது' என்று அடிக்கடி வருபவரை என்ன செய்வது?

விரட்ட வேண்டாம். காரணம் நான்காக இருக்கலாம்: வலி உண்மையில் அடங்கவில்லை, அடிமைநிலை வந்துவிட்டது, வீட்டில் வேறொருவர் எடுக்கிறார், அல்லது விற்பனைக்குப் போகிறது. ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள், மீதியை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள், ஒரே கிளினிக், ஒரே பாமசி என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். பதுளையில் ஒரு கார்ட், பண்டாரவளையில் ஒரு கார்ட், தனியார் டொக்டரிடம் ஒரு துண்டு என்று போகக்கூடும். கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஓராண்டுக்கு மேல் எடுத்தவரை ஒரே நாளில் நிறுத்துவது சிகிச்சையல்ல. மாதத்துக்கு 10 சதவீதம் குறைக்கலாம். சில வாரங்களே எடுத்தவருக்கு வாரத்துக்கு 10 சதவீதம். குறைப்பதை இடையில் நிறுத்தி வைக்கலாம், ஆனால் அளவைத் திரும்பக் கூட்டாமல் இருக்கப் பாருங்கள். திடீரென்று துண்டு கிடைக்காமல் போனவர் தெருவில் வாங்குவார், அல்லது உயிரை மாய்க்க நினைப்பார்.

மூச்சு மந்தமாகிக் கிடப்பவரைக் கண்டால்?

கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருக்கிறதா, கூப்பிட்டால் எழும்பவில்லையா, ஒரு நிமிடம் முழுதாக எண்ணினால் மூச்சு 10க்குக் கீழா? ஓபியோயிட் மிகையளவு என்று எடுத்துக்கொண்டு முதலில் மூச்சைக் கொடுங்கள்: தாடையை உயர்த்தி, பையும் முகமூடியும் வைத்து, ஒட்சிசனோடு. நலோக்சோன் என்னும் முறிமருந்தைத் தேடி ஓடும் நேரத்தில் மூச்சுக் கொடுக்காமல் விடுவதே உயிரைப் பறிக்கும் பிழை.

பிறகு நலோக்சோன். குப்பியில் 0.4 மி.கி. இருக்கும். வெளியில் கிடந்து வந்தவருக்கு 0.4 மி.கி. தசையிலோ நாளத்திலோ, 2 முதல் 3 நிமிடத்தில் பலன் இல்லையென்றால் மீண்டும். மோர்பின் எடுக்கும் புற்றுநோயாளிக்கு அப்படி முழுதாக ஏற்றினால் வலி அலறலாகத் திரும்பும். அவருக்கு 0.4 மி.கி.யை 10 மி.லீ. சேலைனாக்கி, 2 நிமிடத்துக்கு ஒரு தடவை 1 மி.லீ. வீதம். ஆளை எழுப்பி உட்கார வைப்பது நோக்கமல்ல. மூச்சு 10க்கு மேல் வந்தால் நிறுத்துங்கள்.

நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். 12 மணிநேர மாத்திரையோ மெதடோனோ அதற்குப் பின்னும் இருக்கும். எழும்பியவர் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்லிப் போய்விட்டால் பொகவந்தலாவைக்கும் டிக்கோயாவுக்கும் நடுவில் மறுபடி மூச்சு நிற்கலாம். திரும்பத் திரும்ப மயங்கினால், எழுப்பிய அளவின் மூன்றில் இரண்டு பங்கை மணிக்கு ஓடும் சொட்டாக்குங்கள். அனுப்பும்போது வண்டியில் நலோக்சோனும் ஆளும் சேர்ந்து போக வேண்டும். தோட்டத்திலிருந்து கூப்பிட 1990.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மரக்கறித் தோட்டங்கள் உள்ள மாவட்டத்தில் சுருங்கிய கண்மணி என்றால் ஓபியோயிட் மட்டுமல்ல, பூச்சிமருந்தும்தான். வாயில் நுரை, உமிழ்நீர், வியர்வை, மார்பில் களகளச் சத்தம், மெதுவான நாடி, உடுப்பில் மருந்து வாடை இருந்தால் ஒர்கனோபொஸ்பேட் நஞ்சை நினைத்து அட்ரோபினுக்குப் போங்கள். குளுக்கோஸையும் எப்போதும் பாருங்கள். ட்ரமடோல் அளவுக்கு மீறி எடுத்தவருக்கு வலிப்பு வரும். அதற்கு நலோக்சோன் அல்ல, டயஸிபாம்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த பையனுக்குக் காய்ச்சல் போல இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை. என்ன நினைக்க வேண்டும்?

மூக்கொழுகல், கொட்டாவி, கண்ணீர், மயிர்க்கூச்செறிதல், உடம்பு உளைச்சல், வயிற்றோட்டம், விரிந்த கண்மணி: குடு நிறுத்தியதால் வரும் விலகல். கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணிநேரத்தில் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் தணியும். ஊருக்கு வந்து சரக்குக் கிடைக்காத இரண்டாம் நாள் அம்மா வைத்தியசாலைக்குக் கூட்டி வருவார். அம்மாவை வெளியில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகக் கேளுங்கள்: 'தம்பி, கடைசியா எப்ப எடுத்தீங்க? இழுக்கிறதா, ஊசியா? நான் பொலிஸுக்குச் சொல்ல மாட்டேன்.' ஊசி என்றால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளும் சேரும்.

விலகலை அளக்கும் கவ்ஸ் (COWS) என்னும் அளவுகோலில் 11 அறிகுறிகளுக்குப் புள்ளி உண்டு: 5 முதல் 12 இலேசு, 13 முதல் 24 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பயிற்சியில் இதை ஒருவரை ஒருவர் பார்த்துப் புள்ளியிடப் பழக வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி கரைசல், லோப்பரமைட், மெட்டோக்ளோப்ரமைட், பரசிட்டமோல் கொடுக்கலாம். குளோனிடின் 0.1 மி.கி. 6 முதல் 8 மணிநேரத்துக்கு ஒரு தடவை வியர்வையையும் நடுக்கத்தையும் அடக்கும். ஒவ்வொரு தடவையும் முன்னதாக இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 90க்குக் கீழே என்றால் கொடுக்கக் கூடாது.

ஒரு வாரம் மருந்து கொடுத்து நிறுத்தினால் குணமாகிவிட்டார் என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. உடலின் தாங்குதிறன் போய்விட்டது. மனதின் ஏக்கம் போகவில்லை. சிறை, புனர்வாழ்வு நிலையம், வைத்தியசாலை எதிலிருந்து வந்தாலும் முதல் சில வாரங்கள் மிக ஆபத்து. பழைய அளவையே எடுப்பார், உடல் தாங்காது. அனுப்பும் நாளில் வீட்டாருக்கும் அவருக்கும் இதைத் தமிழில், மழுப்பாமல் சொல்லுங்கள்: 'முந்தி எடுத்த அளவுல பாதி எடுத்தாலும் செத்துப் போகலாம்.'

நிலைத்த பலன் தருவது மெதடோன் அல்லது புப்ரெனோர்ஃபினை நீண்ட காலம் தொடர்வதுதான். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரதேச வைத்தியசாலையில் எடுத்துக் கொடுக்கும் மருந்தல்ல இவை. ஆனாலும் இவற்றைத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து திரும்புபவர் இந்த மாத்திரையோடு உங்கள் வாசலுக்கு வரக்கூடும். மெதடோன் முதல் நாள் 20 முதல் 30 மி.கி.; வேகமாகக் கூட்டினால் உடலில் தேங்கி மூன்றாம் நான்காம் நாளில் மூச்சை நிறுத்தும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் மெதடோன் அளவு சரிந்து விலகல் வரும். நோயாளி 'காசநோய் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று அதையே நிறுத்திவிடுவார். புப்ரெனோர்ஃபின் நாக்கின் அடியில் கரைய வேண்டும், விழுங்கினால் பலனில்லை. குடு எடுத்து 12 மணிநேரமாவது ஆகாமல், விலகல் தெளிவாகத் தெரியாமல் கொடுத்தால், மருந்தே கடும் விலகலைக் கொண்டுவரும்.

கர்ப்பிணி என்றால்?

திடீரென்று நிறுத்தாதீர்கள், விலகல் சிசுவுக்கு ஆபத்து. மகப்பேற்று நிபுணரும் மனநல வைத்தியரும் சேர்ந்தே திட்டமிட வேண்டும். குழந்தை பிறந்தபின் 4 முதல் 7 நாள் வார்ட்டில் வைத்து அழுகை, நடுக்கம், பால் குடிப்பதைப் பாருங்கள்.

எங்கே அனுப்புவது?

1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் தானாக விரும்பி வருபவருக்கும் நீதிமன்றம் அனுப்புபவருக்கும் சிகிச்சைக்கு வழி செய்கிறது. தானாக வருபவரை அன்றே பேசி அனுப்புங்கள். 'அடுத்த கிழமை வாங்க' என்றால் பெரும்பாலும் வரமாட்டார்.

பயிற்சியை எப்படி நடத்தினால் பலன்?

இரண்டு அரைநாள், நடுவில் ஒரு மாத இடைவெளி, ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் வேண்டாம். முதல் அரைநாளில் விரிவுரை 40 நிமிடம். மீதி நேரம் கணக்கு, மூச்சுக் கொடுக்கும் பயிற்சிப் பொம்மை, தமிழில் நோயாளியாக நடித்துக் கேள்வி கேட்டல். நடுவில் உள்ள மாதத்தில் ஒவ்வொருவரும் தங்கள் இடத்து 20 மருந்துத் துண்டுகளை எடுத்துப் பார்க்க வேண்டும்: காரணம் எழுதியிருக்கிறதா, நாள் எண்ணிக்கை உண்டா, மலமிளக்கி உண்டா, மது பற்றிக் கேட்டதற்கு அடையாளம் உண்டா, டயஸிபாமோ ப்ரீகபாலினோ சேர்ந்திருக்கிறதா? இரண்டாவது அரைநாள் அந்தத் தாள்களைச் சுற்றியே நடக்கட்டும். யாருடைய பெயரும் வேண்டாம். பரீட்சை வைத்துப் புள்ளி கொடுப்பதை விட ஆறு மாதம் கழித்து இன்னொரு 20 துண்டுகளைப் பார்ப்பதே உண்மையைச் சொல்லும்.

நோயாளி இறந்தபின் வீட்டில் மீதியான மோர்பினை என்ன செய்வது?

முதல் துண்டு எழுதும் நாளிலேயே இதைச் சொல்லி வையுங்கள். மரண வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. எட்டாம் நாளோ பதினாறாம் நாளோ முடிந்து, குடும்பநல உத்தியோகத்தர் அந்தப் பக்கம் போகும்போது டப்பாவைக் கேட்டு வாங்கலாம், அல்லது மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். கொடுத்தவரின் முன்னால் வைத்து இருவர் எண்ணி, பதிவேட்டில் எழுதி, அவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தால் கோபப்படாமல், வீட்டில் வேறு யாருக்காவது தூக்கமில்லையா, வலியா, பழக்கமா என்று அமைதியாகக் கேளுங்கள்.